செய்தியைச் சோதிக்கக் கற்றுக் கொடுங்கள்!

2023 ஜனவரியில் திருப்பூரில் ஒரு டீக்கடை அருகே சில வாலிபர்களுக்குள் தகராறு. வாய்ச் சண்டை முற்றி அடிதடியாயிற்று. எந்த ஊரிலும் எந்த வாரத்திலும் நடக்கக்கூடிய விவகாரம்தான். யாரோ அதைச் செல்போனில் படம் பிடித்தார். சில நாட்களில் அந்தப் படம் தமிழ்நாடு முழுவதும் ஓடிற்று. "வடக்கத்தியான் நம்மவனை ஓட ஓட விரட்டுகிறான், பார்!" என்று ஒரு வரி அதன் தலையில் ஏறியிருந்தது. இது தனிப்பட்ட தகராறு, மாநிலத்துக்கும் மொழிக்கும் இதில் சம்பந்தமில்லை என்று போலீஸ் விளக்குவதற்குள் பனியன் கம்பெனிகளில் பேச்சு மாறிவிட்டது. ஒரே மேஜையில் துணி வெட்டியவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஒரு மாதத்துக்குப் பின், மார்ச் முதல் வாரத்தில், பொய் எதிர்ப்பக்கம் திரும்பிற்று. பீகாரில் வீட்டுக்கு வீடு செல்போனில் கோரமான படங்கள். "தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள், ஹிந்தி பேசிய குற்றத்துக்காகப் பன்னிரண்டு பேரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள்." ஒரு பெரிய ஹிந்தி தினசரியே இதை அச்சிட்டது. பீகார் சட்டசபையில் அமளி. நான்கு அதிகாரிகள் கொண்ட குழுவை அந்த சர்க்கார் இங்கே அனுப்பிற்று. தமிழ்நாட்டு முதலமைச்சர் பீகார் முதலமைச்சரோடு டெலிபோனில் பேசினார். பிறகு தாமே ஒரு தொழிற்சாலைக்குச் சென்று வடமாநிலத் தொழிலாளர்களைச் சந்தித்துத் தைரியம் சொன்னார்.

அந்தப் படங்கள் எங்கே எடுத்தவை? ஒன்று ராஜஸ்தானத்து ஜோத்பூரில் நடந்த கொலை. ஒன்று ஹைதராபாத்தில் நடந்தது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரு தரப்பாகப் பிரிந்து அடித்துக் கொண்டது. வேறொன்று பீகார்த் தொழிலாளர்களே இரு கோஷ்டிகளாக மோதிக் கொண்டது. முகத்தில் கட்டுப் போட்ட இருவர் அழுது பேசும் படம் ஒன்றும் வந்தது. பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் ஆட்களை நடிக்க வைத்து எடுத்த படம் அது என்று பீகார் போலீஸே அறிவித்தது. ஹோலிப் பண்டிகைக்கு ஊர் போக ரயில் நிலையத்தில் கூடிய கூட்டத்தைக் காட்டி, "உயிர் தப்பி ஓடுகிறார்கள்" என்றும் எழுதினார்கள். ஹோலி அந்த ஆண்டு மார்ச் 8ஆம் தேதி. ஆண்டுதோறும் அந்த வாரத்தில் ரயிலில் கூட்டம் இருக்கும் என்பது திருப்பூரில் யாருக்குத்தான் தெரியாது?

ஆனால் ஊரில் இருக்கும் தாய்க்குத் தெரியாது. "மகனே, கூலி போனால் போகட்டும், உடனே புறப்பட்டு வா" என்றாள். மகன் புறப்பட்டான். பாக்கிச் சம்பளம் இங்கே நின்றது. ரயில் கட்டணம் கடனாயிற்று. பொய்யைப் பரப்பியவர்களில் சிலர்மேல் வழக்கு வந்தது, சிலர் சிறைக்கும் போனார்கள். அதனால் அந்தத் தொழிலாளிக்கு இழந்த கூலி திரும்பி வந்ததா?

அந்த நாட்களில் சங்க அலுவலகத்துக்கு ஒரு பீகார் வாலிபர் வந்தார். இருபது வயதுகூட இராது. தமது செல்போனை நம்மிடம் நீட்டி, "அண்ணா, இது எந்த இடம்?" என்று கேட்டார். படத்தின் பின்னால் ஒரு கடைப் பலகை தெரிந்தது. அதில் இருந்தது தெலுங்கு எழுத்து. நமக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது. அவருக்கோ தமிழ் எழுத்தும் தெரியாது, தெலுங்கு எழுத்தும் தெரியாது. இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றின. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் ஜனவரியில் வந்த படத்தை நம் பிள்ளைகள், தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள், நம் சங்க உறுப்பினர்கள் சிலரும் உள்பட, ஒரு கேள்வியும் கேட்காமல் பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தார்கள். பீகார் வாலிபராவது "இது எந்த இடம்" என்று கேட்டார். நம்மவர்கள் கேட்கவில்லை. வெட்கத்தோடு இதை ஒப்புக்கொள்கிறோம்.

எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினோம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் அரிக்கேன் விளக்கில் அட்சரம் படித்தார்கள். சைக்கிள் விடவும் கற்றுக்கொண்டார்கள். கைநாட்டு வாங்கி நிலத்தை எழுதிக்கொண்ட காலத்துக்கு அது சரியான பதிலாக இருந்தது. இன்று அவர்களுடைய பேரப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கிறார்கள். கையில் செல்போன் இருக்கிறது. ஒரு நாளில் அவர்கள் வாசிக்கும் எழுத்தும் பார்க்கும் படமும் அவர்களுடைய பாட்டி ஓர் ஆண்டில் பார்த்திராத அளவு. ஆனால் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று சொல்லிக் கொடுத்தவர் யார்?

இது ஏதோ படித்தவர்களின் பொழுதுபோக்குப் பிரச்னை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர் கிராமத்தில் 65 வயது மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களோடு குலதெய்வம் கும்பிட வந்தவர். வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். "பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் வாரக்கணக்காகச் சுற்றிய வதந்தி அவரைப் பிள்ளை பிடிப்பவராக ஆக்கிவிட்டது. அடித்தவர்கள் யார்? கொலைத் தொழில் செய்கிறவர்கள் அல்ல. சாதாரணக் கிராமத்து ஜனங்கள். தங்கள் குழந்தைகளைப் பற்றிப் பயந்தவர்கள். பயத்துக்குத் தீனி போட்டவன் யாரென்று இன்றுவரை அவர்களுக்கே தெரியாது.

அந்த ஆண்டு இந்தியாவின் பல ஊர்களில் சுற்றிய ஒரு படத்தின் கதையைக் கேளுங்கள். தெருவில் சிறுவர்கள் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்ப்பவர் நெஞ்சு பதறும். அது பாகிஸ்தானத்துக் கராச்சி நகரில் குழந்தைகள் பாதுகாப்புக்காக ஓர் அமைப்பு எடுத்த விளம்பரப் படம். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும், கவனமாக இருங்கள் என்று அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை நறுக்கி எறிந்தார்கள். எச்சரிக்கைக்காக எடுத்த படம் எமனாக மாறிற்று. படத்தில் ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. உண்மையில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள், அவ்வளவே. இதைப் பிள்ளைகள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பொய் என்றால் முழுக்க இட்டுக்கட்டியது என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலும் அது உண்மையான படம்தான். வேறு ஊர், வேறு நாள், வேறு தலைப்பு.

கம்பெனி என்ன செய்தது? 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி கட்டுப்படுத்திற்று. 2020 ஏப்ரலில், பலமுறை கை மாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்றது. செல்போனில் வரும் பொய்யைப் பற்றி எச்சரிக்க, அச்சுப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமும் கொடுத்தது. செல்போன் செய்தியை நம்பாதே என்று சொல்லக் கம்பெனிக்கே காகிதம்தான் தேவைப்பட்டது போலும்! கட்டுப்பாடுகளால் பொய்யின் வேகம் குறையலாம். ஆனால் அதன் வருமானம் நாம் எவ்வளவு நேரம் திரையைப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. யூடியூபிலும் அப்படித்தான். கோபமும் பயமும் மனிதனைத் திரையோடு கட்டிப் போடும். அந்தச் சரக்கை விற்கிற கடையே சரக்கைச் சோதித்துத் தரும் என்று காத்திருக்கலாமா?

சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்லலாம். 2023இல் மத்திய சர்க்கார் ஒரு விதி கொண்டுவந்தது. தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே ஒரு பிரிவு வைத்துத் தீர்மானிக்கும் என்பதே அதன் சாரம். வழக்கில் ஒரு தரப்பே நீதிபதி நாற்காலியிலும் உட்காரலாமாம்! சுப்ரீம் கோர்ட் 2024 மார்ச்சில் அதை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் ஹைகோர்ட் அந்த விதியையே ரத்து செய்தது. தமிழ்நாட்டு சர்க்காரும் 2023இல் தகவல் சரிபார்ப்புக் குழு ஒன்றை அமைத்தது. இது பொய் இது மெய் என்று எந்த அலுவலகம் அறிவித்தாலும், அதற்குள் பொய் ஊர் சுற்றி வந்துவிடுகிறது என்பதைத்தான் மேலே கண்டோம். செய்தி கைக்கு வருகிற நிமிஷத்திலேயே நிறுத்திப் பார்க்கத் தெரிந்தவன் அந்தக் கைக்குச் சொந்தக்காரன் ஒருவன்தான். அவனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. 1982லேயே ஜெர்மனியில் க்ரூன்வால்ட் என்னுமிடத்தில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் 19 நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, மழலைப் பள்ளி முதல் சர்வகலாசாலை வரை செய்திச் சாதனங்களைப் பற்றிய கல்வி வேண்டும் என்று பிரகடனம் செய்தார்கள். அப்போது டெலிவிஷன்தான் பெரிய பயம். பின்லாந்து தேசம் 2016 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் எல்லாப் பாடங்களோடும் இதைச் சேர்த்துவிட்டது. அது பணக்கார நாடு, நமக்கு ஆகுமா என்று கேட்பவர்களைப் பக்கத்து வீட்டுக்கு அழைக்கிறோம்.

கேரளத்துக் கண்ணூர். பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைப் பத்திரிகை வாசிக்கச் சொல்லி, அவருடைய கணக்குக்குத் தாங்கள் பீடி சுற்றிக் கொடுத்த ஊர். வாசித்து முடிந்ததும் விவாதம் தொடங்கும். "அவன் ஏன் இப்படி எழுதினான்? நேற்று வேறு மாதிரி அல்லவா எழுதியிருந்தான்?" என்பார்கள். செல்போன் கையோடு வந்த பிறகு வாசிப்பவன் தனியாகிவிட்டான். எதிர்க் கேள்வி கேட்கப் பக்கத்தில் ஆளில்லை. 2017இல் குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட வந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி இதே மாவட்டத்தில் பல பெற்றோர் மறுத்தார்கள். அப்போதைய கலெக்டர் மீர் முகமது அலி, 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் நாற்பது நிமிஷ வகுப்புகளைத் தொடங்கினார். 'சத்யமேவ ஜயதே' என்று பெயர். பிறகு 2022இல் கேரள சர்க்கார் அதே பெயரில் 5,920 பள்ளிகளில் 19.7 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2024இல் 5ஆம், 7ஆம் வகுப்புப் பாடநூலிலேயே செய்தியைச் சரிபார்க்கும் பாடம் ஏறிற்று.

ஆனால் ஒருநாள் கூத்தாக வந்து பேசிவிட்டுப் போவதால் பயனுண்டா? இங்கேதான் பீகார் நமக்குப் பாடம் சொல்கிறது. ஆம், எந்தப் பீகாரில் நம்மைப் பற்றிய பொய் பரவியதோ அதே பீகார்தான்.

2019 பாராளுமன்றத் தேர்தல் சமயத்தில் ஓர் ஆராய்ச்சியாளர் அங்கே 1,224 பேரை வைத்துச் சோதனை செய்தார். வீட்டுக்கே சென்று சுமார் ஒரு மணி நேரம், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வழிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். பலன்? மொத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை. கட்சிப் பற்று தடித்த சிலர், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்யை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். வளர்ந்தவர்களுக்கு ஒரு மணி நேர உபதேசம் போதவில்லை.

அவர்கள் மனம் தளரவில்லை. பின்னர் பீகார் சர்க்காரின் கிராமப்புற வாழ்வாதார அமைப்போடு சேர்ந்து, 583 கிராமங்களில் 13,500 மாணவர்களிடம் சோதனை நடத்தினார்கள். இந்த முறை ஒரு மணி நேரமல்ல. நான்கு மாதப் பாடத்திட்டம். இம்முறை பலன் தெரிந்தது. பாடம் படித்த பிள்ளைகள் மெய்யையும் பொய்யையும் பிரிப்பதில் தெளிவாக முன்னேறினார்கள். வகுப்பு முடிந்து நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்தத் தெளிவு போகவில்லை. சொல்லிக் கொடுத்தது நோய், மருந்து பற்றிய பொய்களை வைத்து. பிள்ளைகளோ அரசியல் பொய்களையும் அதே உரைகல்லில் உரைத்தார்கள். எல்லாவற்றையும்விட நம்மை மகிழச் செய்த சங்கதி வேறு. வகுப்புப் பக்கமே வராத பெற்றோர்களும் தேறியிருந்தார்கள்! பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறது. "அப்பா, அனுப்பாதே, முதலில் கேள்" என்று. மார்ச் மாதத்தில் "உடனே புறப்பட்டு வா" என்று மகனைக் கூப்பிட்ட தாயின் பக்கத்தில் அப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால்?

வகுப்பில் என்ன சொல்லிக் கொடுப்பது? பெரிய வித்தை ஒன்றுமில்லை. விதை நெல்லை எப்படிச் சோதிக்கிறோம்? உப்புக் கரைசலில் ஒரு முட்டையை விட்டு, முட்டை மிதக்கிற பதம் பார்த்து, நெல்லைக் கொட்டுகிறோம். பதர் மேலே வரும், மணி அடியில் நிற்கும். கோணிப்பையின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்து யாரும் விதைப்பதில்லை. செய்தியும் அப்படித்தான். செய்தி வந்த பக்கத்திலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்து அது மெய்யா என்று முடிவு செய்ய முடியாது. அதை விட்டு வெளியே போய் வேறு நாலு இடத்தில் விசாரிக்க வேண்டும். செய்தியைச் சரிபார்ப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். இதை முதலில் சொன்னவர் யார்? தமக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறாரா? வேறு பத்திரிகைகளில் வந்திருக்கிறதா? படத்தில் கடைப் பலகை எந்த மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம், போலீஸ்காரரின் தொப்பி எந்த ஊர்த் தொப்பி? படத்தையே தேடுபொறியில் கொடுத்தால், அது முன்பு எங்கே வந்தது என்று பல சமயம் காட்டிவிடும். பத்து வயதுப் பிள்ளை பத்து நிமிஷத்தில் இதைப் படித்துக்கொள்ளும். பெரியவர்களுக்குத்தான் கொஞ்சம் நாள் ஆகும்.

குரலையும் முகத்தையும் நம்பின காலமும் போயிற்று. 2024 ஜனவரியில் சேலத்தில் நடந்த ஒரு கட்சி மாநாட்டில், 2018இல் மறைந்த கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். கம்ப்யூட்டர் செய்த குரல், கம்ப்யூட்டர் செய்த முகம். அங்கே எல்லோருக்கும் தெரிந்தே செய்தார்கள். தெரியாமல் செய்ய நினைப்பவனுக்கும் அதே இயந்திரம் கிடைக்கும்.

செல்போன் மட்டும்தான் குற்றவாளி என்று அச்சுப் பத்திரிகைகள் கைகழுவவும் விடக்கூடாது. 2009 தேர்தலில் வேட்பாளர்களிடம் காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி போலவே அச்சிட்ட விவகாரம் வெளிவந்தது. பிரஸ் கவுன்சிலின் இரு உறுப்பினர்கள் பேர் பேராக விசாரித்து அறிக்கை எழுதினார்கள். கவுன்சில் 2010இல் அதைச் சுருக்கி வெளியிட்டது. முழு அறிக்கை வெளியே வர, தகவல் ஆணையத்தின் உத்தரவு வேண்டியிருந்தது. எனவே எது செய்தி, எது விளம்பரம், எது ஆசிரியரின் அபிப்பிராயம் என்று பிரித்துப் பார்க்கவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பத்திரிகையை யார் நடத்துகிறார், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கவும் தெரிய வேண்டும். நம் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். நாம் ஒரு தரப்பின் பத்திரிகை என்பதை மறைக்கவில்லை. ஆனால் தரப்பு வேறு, தவறான தகவல் வேறு. நாம் எழுதியது தவறென்று கண்டால் எழுதுங்கள், திருத்தம் போடுகிறோம்.

இன்னொரு பாடம் பிள்ளைகள் தலையில் சுமையல்லவா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பரீட்சை வைத்து, மனப்பாடம் செய்ய வைத்து, மார்க் போட்டால் நாமே எதிர்ப்போம். 'பொய்ச் செய்தியின் ஐந்து அடையாளங்கள் யாவை?' என்று ஒரு கேள்வித்தாள் வருவதைவிட அந்தப் பாடம் வராமலே இருக்கலாம். செல்போனையே பிடுங்கிவிட்டால் போகிறது என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். பெண் பிள்ளைகளிடம்தான் முதலில் பிடுங்குவார்கள் என்பது நமக்குத் தெரியும். மில் விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணுக்கு, வீட்டோடு பேச இருக்கிற ஒரே வழி அது.

நாம் கேட்பது இதுதான். அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒரு வகுப்பு, ஆண்டு முழுவதும். பல பள்ளிகளில் கம்ப்யூட்டர் அறை ஏற்கனவே இருக்கிறது. அந்த வாரம் அந்த ஊரில் சுற்றிய செய்தியையே எடுத்து வைத்துச் சோதித்துக் காட்டலாம். அதற்கு முன் ஆசிரியர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும். பள்ளியை விட்டு வேலைக்கு வந்துவிட்ட வாலிபர்களுக்கு ஊர்ப்புற நூலகங்களில் மாலை வகுப்பு. மில்களிலும் விடுதிகளிலும் வேலை நேரத்திலேயே வகுப்பு. தமிழில் மட்டுமல்ல, ஹிந்தியிலும் ஒரியாவிலும். வெளிமாநிலத் தொழிலாளி சந்தேகம் கேட்டு விசாரிக்க, அவர் மொழி பேசும் ஆள் உள்ள டெலிபோன் இரவும் பகலும் வேண்டும். அந்த வாலிபர் சங்க அலுவலகம் தேடி வந்தார். எத்தனை பேருக்கு அந்த வழி தெரியும்?

சர்க்கார் செய்யும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கப் போவதில்லை. அடுத்த இதழ் முதல் இப்பத்திரிகையில் அரைப்பக்கம் இதற்காக ஒதுக்குகிறோம். உங்கள் செல்போனுக்கு வந்து சந்தேகம் தந்த செய்தியையோ படத்தையோ சங்கக் கிளைச் செயலாளர் மூலம் நமக்கு அனுப்புங்கள். எப்போது வந்தது, எந்தக் குழுவில் வந்தது, நீங்கள் அதை எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். எப்படி விசாரித்தோம், யாரைக் கேட்டோம், என்ன தெரிந்தது என்பதை வாரம் ஒன்றாக வெளியிடுவோம். அனுப்பியவர் பெயர் அச்சில் வராது.